பத்தாவது குவளை

விழுப்புரம்
9-12-2024

நவம்பர் 30, சனிக்கிழமை, மாலை 3 மணி 30 நிமிடம். ஒன்பது குவளை.

என் நோட்டில் இப்படித்தான் இருக்கிறது அக்கா. குவளைக்கு இருபது மில்லிமீட்டர் மழை, ஆக நூற்று எண்பது. மஞ்சள். இருநூறு ஆகியிருந்தால் சிவப்பு எச்சரிக்கை. சிவப்பு விழுந்த அடுத்த நிமிடம் உங்கள் பஞ்சாயத்துக்குச் செய்தி போயிருக்கும், மைக் வைத்துப் பள்ளத்தெருவைக் காலி செய்யச் சொல்லியிருப்பார்கள். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். 5.10க்கு ஏரிக்கரை உடைந்தது. கெங்கம்மா அத்தை போய்விட்டது.

நலமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். நலமா? மாமா எப்படி இருக்கிறார்? அம்மாவுக்கு பிரஷர் நூற்றைம்பதுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது, மாத்திரை கொடுக்கிறேன். சாவுக்கு நான் வரவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். ஆறு நாள் ஆபீசிலேயே கிடந்தேன். நாற்பது ஊருக்கு மழைமானி வைத்திருக்கிற கம்பெனியில் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ படித்தவன் நான் ஒருத்தன்தான். எல்லா ஊரிலிருந்தும் போன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தானியங்கி மானி புயலில் ஊமையாகிவிட்டது. போன வாரம் அதன் மெமரியை எடுத்துப் படித்தோம். அதே 3.30க்கு 203 காட்டுகிறது. உன் வீட்டு வாசலில் நீ அளக்கிற மானிக்கும் அதற்கும் இரண்டு கிலோமீட்டர்தான். கம்பெனியில் விசாரணை வைத்திருக்கிறார்கள். மேனேஜர் சீனுவாசன் சார் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார். நான் போனில் கேட்டதை எழுதினேன். நீ எத்தனை அளந்தாய்? உன் நோட்டில் அந்தத் தேதிப் பக்கத்தைக் கிழித்து எனக்கு அனுப்பு.

அன்றைக்கு நான் போனை வைத்த பிறகு நீ மூன்று தடவை அடித்திருக்கிறாய். வேறு ஊர் லைனில் இருந்தேன். ஏதாவது அவசரமா? இப்போது நான் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். பத்து நாளாக பிளாக். கடிதத்தை பிளாக் பண்ண முடியாது, அதனால்தான் இது. உடனே பதில் போடு.

அருள்


புளியேரிப்பட்டு
பிரம்மதேசம் வழி
17-12-2024

அன்புள்ள தம்பி அருளுக்கு அக்கா தமிழ்ச்செல்வி எழுதுவது. இங்கே நானும் மாமாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அம்மாவும் அப்படியே இருக்கணும். அம்மாவுக்கு ஊறுகாய் கொடுக்காதே, ஒளித்து வை. கேட்டால் தீர்ந்துபோச்சு என்று சொல்.

உன் கடிதம் எட்டு நாள் கழித்து வந்தது. தபால்காரர் பாலம் போய்விட்டதால் சுற்றிக்கொண்டு வருகிறார். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "என்னம்மா, உங்க தம்பிக்கு போன் இல்லியா?" என்று சிரித்தார். போனில் பேசினால் நீ நடுவில் வெட்டுவாய். கடிதத்தில் வெட்ட முடியாது. அதனால் இதுவே நல்லது, எனக்கும் பழகிக்கொண்டு வருகிறது.

மேல்காட்டு மல்லாட்டை முழுக்க மணல் மூடிவிட்டது. முழங்கால் அளவு. ஒரு கடலைகூடத் தேறாது. மாமா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொள்கிறார். கேப்பை கொஞ்சம் தப்பித்தது.

நேற்றுதான் கெங்கம்மா அத்தைக்குப் பதினாறாம் நாள். நான் போனேன். தெருக்கோடி வரை போனேன். அத்தை மகன் கோபி அண்ணன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். திரும்பி வந்துவிட்டேன். இடுப்பு முறிந்து படுத்துக் கிடந்தது அத்தை. அண்ணன் கரையில் மணல் மூட்டை அடுக்கப் போன நேரத்தில் தண்ணீர் வந்து சுவர் விழுந்தது. "ஒரு மணி நேரம் முன்னாடி சொல்லியிருந்தா கட்டிலோட தூக்கிக்கினு போயிருப்போம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாராம்.

ஊரில் எல்லாரும் நம் வாசலைத் தாண்டும்போது மழை டப்பாவைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். முன்னே ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. கண் முழிக்காதே. அம்மாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்.

அக்கா


விழுப்புரம்
20-12-2024

அக்கா,

நலம். அம்மாவும் நலம். ஊறுகாயைக் கண்டுபிடித்துவிட்டது.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். ஊறுகாய், மல்லாட்டை, தபால்காரர் எல்லாம் இருக்கிறது. நான் கேட்டது ஒன்றே ஒன்று, அதைக் காணோம். நீ எத்தனை குவளை அளந்தாய்? இது ஒற்றை எண். எழுத ஒரு நொடி ஆகாது. பக்கத்தையும் அனுப்பவில்லை.

நிலைமை உனக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன். தவறு நடந்திருக்கிறது. அது இரண்டு இடத்தில்தான் நடந்திருக்க முடியும். அளந்த இடத்தில், அல்லது எழுதிய இடத்தில். என் நோட்டில் அடித்தல் திருத்தல் இல்லை. உன் பக்கத்திலும் ஒன்பது என்று இருந்தால் எண்ணும்போது ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். மனுஷத் தவறு, யாரும் உன்னைத் தூக்கில் போடப் போவதில்லை. மாதம் ஒருமுறை கையெழுத்துப் போடுகிற பகுதி நேர ஆள் நீ. எனக்கு அப்படி இல்லை. ஏப்ரலில் என்னை நிரந்தரம் ஆக்கணும். இந்த விசாரணை முடியாமல் அந்த ஃபைல் நகராது. மூன்று வருஷமாக இதற்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன், உனக்குத் தெரியும்.

ஒரு விஷயத்தில் நீ சரியாக இருந்திருக்கிறாய். அளவை ஊருக்குள் யாரிடமும் சொல்லக் கூடாது, எங்களிடம் மட்டும்தான் சொல்லணும் என்று கையெழுத்து வாங்கினேனே, அதைக் காப்பாற்றிவிட்டாய். சொல்லியிருந்தால் அது வேறு பேஜார் ஆகியிருக்கும்.

பக்கம் வேண்டும். இந்த வாரத்துக்குள். உடம்பைப் பார்த்துக்கொள். மாமாவுக்கு வணக்கம்.

அருள்


புளியேரிப்பட்டு
6-1-2025

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். பதில் போட நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கால் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்து எழுது. மார்கழிக் குளிரில் அவளுக்கு எப்போதும் வீங்கும்.

நீ கேட்ட பக்கம் நனைந்துபோய்விட்டது. அன்றைக்கு வீட்டுக்குள்ளும் தண்ணீர்தானே. மை கலைந்து ஒன்றும் தெரியவில்லை. அனுப்பிப் பிரயோஜனம் இல்லை.

எண்ணும்போது நான்தான் ஒன்றை விட்டிருப்பேன். அப்படியே எழுதிக்கொள். இனி இதைப் பற்றிக் கேட்காதே.

பள்ளத்தெருவில் ஒன்பது வீட்டுக்குத் தார்ப்பாய் கொடுத்திருக்கிறார்கள். நீல நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் ஏரி இங்கேயே வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. கோபி அண்ணன் அத்தையின் கட்டிலைக் கழுவி வெளியே சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார். கயிறு காய்ந்துவிட்டது. யாரும் அதை உள்ளே எடுத்து வைக்கவில்லை, யாரும் உட்காரவும் இல்லை.

நாற்று விடலாம் என்கிறார் மாமா. ஏரியில் தண்ணீர் நிற்காமல் எப்படி என்றால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

நன்றாகச் சாப்பிடு. ஆபீஸில் யாரிடமும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே.

அக்கா


விழுப்புரம்
9-1-2025

அக்கா,

நலம். கால் வீக்கம் இல்லை.

இதை முதல் கடிதத்திலேயே சொல்லியிருந்தால் ஒரு மாதம் மிச்சம்.

எப்படி விட்டுப்போனது என்று எனக்குத் தெரியும். பயிற்சி கொடுத்த அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டேன். நெல், மல்லாட்டை அளக்கிற பழக்கத்தில் முதல் குவளையை 'லாபம்' என்பாய், அப்புறம்தான் இரண்டு, மூன்று. ஒன்று என்று வாயிலேயே வராது. சாமி குத்தம் ஆகிவிடுமா என்ன? மரக்காலில் அளக்க இது சரி. இது கருவி. ஒன்று என்றால் ஒன்று என்று சொல்லணும். லாபம், நட்டம் எல்லாம் போட்டுக் குழப்பினால் ஒன்று காணாமல்தான் போகும்.

சரி, விடு. கீழே இருப்பதை அப்படியே உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு:

"30-11-2024 மாலை 3.30 மணி அளவீட்டில் பத்து குவளைக்குப் பதில் ஒன்பது என்று நான் தவறாக எண்ணிவிட்டேன்."

ஒரே வரி. வேறு எதுவும் சேர்க்காதே. பொங்கலுக்கு வர முடியாது, லீவு இல்லை. வேட்டி சேலை எடுத்து அனுப்புகிறேன்.

அருள்


புளியேரிப்பட்டு
18-1-2025

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ அனுப்பிய சேலை வந்தது. பச்சை எனக்குப் பிடிக்கும் என்று இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறாய். மாமா வேட்டியைக் கட்டிக்கொண்டு ஒருமுறை தெருவரை போய்வந்தார்.

இந்த வருஷம் ஊரில் யாரும் பொங்கலுக்குக் கோலத்தில் வண்ணம் போடவில்லை. பானை வைத்தோம், சத்தம் போடவில்லை. மாட்டுப் பொங்கல் அன்று நம் தெரு வழியாக மாடு ஓட்டிக்கொண்டு போனவர்கள் நம் வீட்டு வாசலைத் தவிர்த்துவிட்டுச் சுற்றிப் போனார்கள். தெரியாத மாதிரி உள்ளே இருந்தேன்.

நீ கேட்டது இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மாமாவுக்குத் தெரியாது, சொல்லாதே.

இதைக் கொடுத்தால் உனக்கு நிரந்தரம் ஆகிவிடும்தானே? அதை மட்டும் எழுது.

அக்கா

(இணைப்பு: "30-11-2024 மாலை 3.30 மணி அளவீட்டில் பத்தாவது குவளை கணக்கில் சேராமல் போனதற்கு நானே பொறுப்பு. தி. தமிழ்ச்செல்வி.")


விழுப்புரம்
3-2-2025

அக்கா,

நலம். அம்மா கோயிலுக்கு நடந்தே போய்வருகிறது.

உன் தாளை ஃபைலில் சேர்த்தாயிற்று. சீனுவாசன் சார் படித்துவிட்டு, "ஓகே அருள், க்ளோஸ்" என்றார். ஏப்ரல் ஒன்று என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். நகல் ஒன்று உங்கள் பஞ்சாயத்துக்குப் போயிருக்கும், அது வழக்கம். பிப்ரவரி 28 வாக்கில் ஆள் வந்து உன் வாசலில் இருக்கிற மழைமானியைப் பெயர்த்துக்கொண்டு போவார்கள். இனி தானியங்கிதான். உனக்கும் தொல்லை விட்டது.

ஒரு சந்தேகம். நான் எழுதிக் கொடுத்தது ஒன்று, நீ எழுதியது ஒன்று. "தவறாக எண்ணிவிட்டேன்" என்று எழுதச் சொன்னேன். "பத்தாவது குவளை கணக்கில் சேராமல் போனதற்கு" என்று எழுதியிருக்கிறாய். ஏன் மாற்றினாய்? சார் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். எண்ணாமல் விட்ட குவளை பத்தாவது என்று உனக்கு எப்படித் தெரியும்? முதலாவதாகவோ நாலாவதாகவோ இருக்கக் கூடாதா?

சும்மா கேட்கிறேன். வேலை முடிந்தது. ஆனாலும் தூக்கம் சரியாக வரவில்லை. பதில் போடு.

அருள்


புளியேரிப்பட்டு
12-2-2025

மாப்பிள்ளை அருளுக்கு திருமுருகன் எழுதிக்கொண்டது. உன் அம்மாவுக்கு நமஸ்காரம். நான் கடிதம் எழுதி இருபது வருஷம் இருக்கும், தப்பிருந்தால் பொறுத்துக்கொள். நீ என் மச்சினன், உன்னைத் திட்ட எனக்கு உரிமை உண்டு என்று நினைத்துதான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம் போட்டு உன் கம்பெனி தாளை வாசித்தார்கள். எனக்கு அப்போதுதான் தெரியும். கோபி எழுந்து நின்றான். எல்லாரும் அடிக்கப்போகிறான் என்று நினைத்தோம். அவன் உன் அக்காவைப் பார்த்து இவ்வளவுதான் கேட்டான். "ஏன் தமிழு, எங்கம்மா உனக்குப் பிள்ளைப்பேறு பாத்துதே, உனக்கு எண்ணத் தெரியலியா?"

இவள் "தெரியலண்ணா" என்றாள்.

மாப்ளே, கேட்கிறேன், அன்றைக்குக் குடை பிடித்தது யார்? நான். குடை பறந்துபோய் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். மழை டப்பாவுக்குள் இருக்கிற பாட்டிலிலிருந்து அவள் ஊற்றி அளந்தாள். ஒன்பது. பாட்டில் நிரம்பி வழிந்து வெளிக்கூட்டுக்குள்ளேயும் தண்ணீர் நின்றது. அதையும் சிந்தாமல் எடுத்து அளந்தாள். முழுசாக ஒரு குவளை. நான் கண்ணால் பார்த்தேன். பத்து.

அதற்கப்புறம் அவள் உனக்கு போன் போட்டுக்கொண்டே இருந்தாள். நீ எடுக்கவில்லை. "எழுதியிருப்பான், கெட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

பக்கம் நனைந்தது என்று உனக்கு எழுதியதாகக் கூட்டம் முடிந்து வந்து சொன்னாள். பீரோவில் சேலைக்கு நடுவில் இருந்தது. ஒரு சொட்டு படவில்லை. இத்துடன் அனுப்புகிறேன். அவளுக்குத் தெரியாது. அவள் உனக்கு மறைக்கிறாள், நான் அவளுக்கு மறைக்கிறேன், இந்த வீட்டில் இப்போது இதுதான் பிழைப்பு.

நீ என்ன செய்வாயோ தெரியாது. என் பெண்டாட்டி ராத்திரி சோறு தின்னுவதில்லை. அது மட்டும் உனக்குத் தெரியட்டும்.

இப்படிக்கு,
திருமுருகன்


விழுப்புரம்
16-2-2025

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

அக்கா, மாமாவைக் கோபித்துக்கொள்ளாதே. பக்கம் வந்தது. ஒன்பது கோடு, அதற்குப் பக்கத்தில் தனியாக ஒரு கோடு. அதன் கீழே "வெளிக்கூடு". கடைசியில் 200. உன் கையெழுத்து.

என் போனில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும். மூன்று வருஷமாக அந்த ஆப் இருக்கிறது. இரண்டரை மாதமாக உன்னிடம் தாள் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒருநாளும் அதைத் திறந்து கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே என்று இருந்துவிட்டேன். நேற்று கேட்டேன். ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி. அப்படியே எழுதுகிறேன்.

நான்: அக்கா, ஜல்தி சொல்லு. இன்னும் பதினோரு ஊர் பாக்கி.

நீ: இருடா, இப்பதான் பாட்டில எடுத்தேன். மாமா குடைய புடிச்சிக்கினு ஆடிக்கினு நிக்கிறாரு. ஊத்தறேன். லாபம்...

நான்: ஐயோ, மல்லாட்டை அளக்கிறியா?

நீ: வாய மூடு. ரெண்டு. மூணு. நாலு... காத்து தள்ளுது, புடிங்க மாமா... அஞ்சு. ஆறு.

(பின்னால் மாமா குரல்: குடை போச்சுடி!)

நீ: போனா போவுது, வாங்க இந்தாண்ட. ஏழு. எட்டு. ஒம்பது. பாட்டில் காலி.

நான்: ஒம்பது. ரைட்.

நீ: இரு இரு, வெளிக்கூட்டுலயும் நிக்குது. அளக்கிறேன். லாபம்...

நான்: லாபமும் வேணாம் நட்டமும் வேணாம். ஒம்பது எழுதிட்டேன். வையி.

அவ்வளவுதான். வைத்துவிட்டேன்.

புதுக் குவியலுக்குப் புதிதாக லாபம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நம் களத்தில் அப்பா அளக்கும்போது பக்கத்தில் நின்று எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரியாத வழக்கமா? தெரியும். நீ இரண்டாவது தடவை லாபம் என்றபோதே அது இன்னொரு குவளை என்று எனக்குப் புரிந்திருக்கணும். காதில் தெளிவாக விழுந்திருக்கிறது. நான் நிற்கவில்லை. 3.34, 3.35, 3.41. மூன்று மிஸ்டு கால். அந்த நேரத்தில் நான் வேறு ஊர் லைனில் இருந்தேன் என்று எழுதினேனே, அதுவும் பாதிப் பொய். 3.41க்கு டீ குடித்துக்கொண்டிருந்தேன். உன் பெயரைப் பார்த்தேன். அப்புறம் பேசலாம் என்று திருப்பி வைத்தேன்.

உனக்கு இது நவம்பர் 30ஆம் தேதியே தெரியும். ஏன் சொல்லவில்லை? சண்டைக்குக் கேட்கவில்லை. சொல்லு.

உடம்பு எப்படி இருக்கிறது? ராத்திரி சாப்பிடு அக்கா.

அருள்


புளியேரிப்பட்டு
22-2-2025

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். மாமாவோடு நான்கு நாள் பேசவில்லை, இப்போது பேசுகிறேன். எத்தனை நாள்தான் தண்ணீர்ச் சொம்பை நங்கென்று வைப்பது.

உன்னைக் காப்பாற்றத்தான் மறைத்தேன் என்று நீயும் மாமாவும் நினைக்கிறீர்கள். அது பாதிதான். மீதியை எழுதுகிறேன். இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது.

உனக்குக் கடைசியாக போன் போட்டது 3.41. கரை உடைந்தது 5.10. நடுவில் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? ரேஷன் கடை ஓரத்தில் நின்றேன். பத்து ஆகிவிட்டது, மைக் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். பள்ளத்தெரு அங்கிருந்து கூப்பிடு தூரம். கோபி அண்ணன் மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். "என்ன தமிழு, மழ டப்பா என்னா சொல்லுது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று நீ கையெழுத்து வாங்கியிருந்தாய். "செய்தி வரும்ணா" என்றேன். "வரட்டும் வரட்டும்" என்று போய்விட்டார்.

பத்து என்று வாய்க்குள்ளேயே இருந்தது அருள். பெரிய வார்த்தையா அது? சொல்லியிருந்தால் மூட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிலைத் தூக்க ஓடியிருப்பார். எண்பத்தொன்பது நிமிடம். நீ போனை வைத்தாய். நான் வாயைத் திறக்கவில்லை. கூட்டத்தில் எண்ணத் தெரியவில்லையா என்று கேட்டபோது, சொல்லத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

அதனால் நீ எதையும் கிளறாதே. அம்மா மாத்திரைக்கு உன் சம்பளம் வேண்டும். எனக்குப் பழகிவிட்டது. ஊர் இரண்டு மழை பெய்தால் மறக்கும்.

ஒன்று மட்டும் செய்ய முடியுமா? 28ஆம் தேதி டப்பாவை எடுக்க வருவார்கள் என்றாய். எடுக்க வேண்டாம் என்று சொல்ல முடியுமா? காலையில் எழுந்தால் கை தானாக அதற்குத்தான் போகிறது. நேற்று வெறும் பனி. அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதையும் அளந்து எழுதி வைத்தேன்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

அக்கா


விழுப்புரம்
26-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீயும் மாமாவும் நலமாக இருக்கணும். மல்லாட்டைக் காட்டில் மணலை வாரியாயிற்றா? கேப்பை எப்படி? மாமாவுக்கு முதுகு வலி தேவலையா? இதையெல்லாம் இந்த மூன்று மாதத்தில் ஒருதடவைகூட நான் ஒழுங்காகக் கேட்கவில்லை.

உன் கடிதத்தை அம்மாவிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். கேட்கக் கேட்கப் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. "மாத்திரைய கவர்மென்ட் ஆஸ்பத்திரில சும்மாவே தர்றாங்க. என்ன சாக்கா வச்சிக்கினு ரெண்டு பேரும் ஆட்டம் ஆடாதீங்க" என்றது. பிறகு ஊறுகாய் கேட்டது. கொடுத்துவிட்டேன்.

நீ வாயைத் திறக்காதது உன் தப்பு என்கிறாய். அந்த வாயைக் கட்டிக் கையெழுத்து வாங்கியவன் நான். உன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று என்னால் அளக்க முடியவில்லை, அதற்குக் குவளை இல்லை. என் பங்கை நான் சொல்லிவிடுகிறேன். உன் பங்கைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். கிளறாதே என்றாய். இந்த ஒரு தடவை கேட்க மாட்டேன்.

இனி நான் செய்யப்போவது:

லாபம். மார்ச் 3, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு சீனுவாசன் சார் மேஜையில் ஒலிப்பதிவையும் உன் பக்கத்தையும் வைப்பேன். ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடியும் அவர் கேட்கும்வரை நாற்காலியை விட்டு எழ மாட்டேன்.

2. நீ கையெழுத்துப் போட்ட தாளைத் திருப்பி வாங்குவேன். அந்த இடத்தில் என் தாள் இருக்கும். ஏப்ரல் ஒன்று போனால் போகட்டும். திண்டிவனத்தில் போர்வெல் மோட்டார் ரிப்பேர் கடையில் ஆள் கேட்கிறார்கள்.

3. 28ஆம் தேதி யாராவது மானியைப் பெயர்க்க வந்தால் கையைப் பிடித்து நிறுத்து. எனக்கு போன் கொடு.

4. அளவை ஊரிடம் சொல்லக் கூடாது என்கிற விதியை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுப்பேன். மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அடுத்த மழைக்கு நீ முதலில் பள்ளத்தெருவுக்குப் போய்ச் சொல். அப்புறம் எனக்கு.

5. 9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம் என்று கேள்விப்பட்டேன். வருவேன். உன் தாளை வாசித்த அதே இடத்தில் நின்று என் தாளை நானே வாசிப்பேன்.

6. அதற்கு முன்னால், நேராகக் கோபி அண்ணன் வீட்டுக்கு. தனியாக. நீ கூட வராதே. எல்லாவற்றையும் சொல்வேன், டீ குடித்ததையும். உட்காரச் சொன்னால் உட்காருவேன், சொல்லாவிட்டால் நிற்பேன். அவர் எவ்வளவு நேரம் பேசினாலும் நடுவில் வெட்ட மாட்டேன்.

7. இந்தக் கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன், நாளைக்கே உன் கைக்கு வந்துவிடும். மார்ச் 2, மாலை 3.30க்கு உனக்கு போன் அடிப்பேன். பிளாக்கை எடுத்து வை. அன்றைக்கு நான் வைத்த இடத்திலிருந்து நீ ஆரம்பி. நீ வைக்கும்வரை நான் வைக்க மாட்டேன்.